பலகை வீட்டுக்கு அடியில் கொட்டிய ரப்பீஸ்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொய் சொல்கிறார். நகரில் இருக்கிறவர்களின் ரப்பீஸையெல்லாம் என் வீட்டுக்கு அடியில் கொட்டிவிட்டு, நான் கேட்டுக்கொண்டதால்தான் செய்தோம் என்று சொல்லித் திரிகிறார். நான் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம். அந்த வீட்டைக் கட்டியதே அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது, காற்று மட்டும் போய்வர வேண்டும் என்பதற்காக.

வீடு இடித்த கழிவுக்கு இங்கே ரப்பீஸ் என்று பெயர். உடைந்த செங்கல், உதிர்ந்த பூச்சு, டைல்ஸ் துண்டு, பழைய கக்கூஸ் பீங்கான் எல்லாம் சேர்ந்தது. அதைத்தான் கொட்டியிருக்கிறார்கள்.

நான் மலேசியாக்காரன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பாஸ்போர்ட் இன்னும் அந்த நாட்டுடையதுதான். மனைவி முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி என்னோடு வந்து, அங்கே கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தாள். கையுறைக்குப் போடும் தூள் மாவு மாதிரி பறக்கும் இடம் அது. வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அவள் நுரையீரல் கெட்டது அங்கேதான் என்பது என் எண்ணம். எந்த டாக்டரும் அப்படி எழுதித் தரவில்லை.

வயதான காலத்தில் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். வந்தோம். முத்தாபுதுப்பேட்டையில் அவள் அப்பா வீடு சும்மா கிடந்தது. அதில் குடியேறினோம். பழைய வீடு. சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். மழைக்காலம் வந்ததும் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. நான் துடைப்பேன், அடுத்த வாரம் மறுபடி வரும். அவளால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வளைத்துப் பேசாத மனிதர். "ஈரம் இல்லாத எடமா பாத்து மாத்துங்க. அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

அப்போதுதான் பலகை வீடு என்ற யோசனை வந்தது. எனக்குப் பலகை வீட்டின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது அதில்தான். பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்கள் அறை ஆடும். யார் எத்தனை முறை எழுந்து ஒன்றுக்குப் போனார்கள் என்பது வீட்டுக்கே தெரியும். எப்போதடா கல் வீட்டுக்குப் போவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று உண்மை. வருஷம் முழுக்க மழை கொட்டுகிற அந்த நாட்டில், எங்கள் வீட்டுக்குள் ஈரம் என்ற பேச்சையே நான் கேட்டதில்லை. தூண்கள் மேல் வீடு நிற்கும். தரைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓடும். மண்ணின் ஈரம் மண்ணோடு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, வயலைப் பிளாட் போட்டு விற்ற நகர் ஒன்றில் மனைவி பெயரில் மனை வாங்கினோம். சுற்றிலும் அப்போது பாதி மனை காலி. நாட்டுப்புறம் என்று சொல்லலாம், காலையில் மயில் கத்தும். அம்பத்தூர் பக்கம் பழைய வீடுகளை இடித்து எடுத்த மரத்தை விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே அலைந்து தூணும் உத்திரமும் பலகையும் சேர்த்தேன். திருமுல்லைவாயிலிலிருந்து தச்சர் ஒருவர் ஆட்களோடு வந்தார். அவர்கள் ஃப்ளாட்டுகளில் அலமாரியும் கதவும் செய்து பழகியவர்கள். தூணைக் குழி தோண்டி காங்கிரீட் போட்டு நட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். நட்டால் அடி மக்கிப்போகும், கருங்கல்லின் மேல்தான் நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னேன். காற்றடித்தால் பறந்துவிடும் என்றார்கள். சண்டை போட்டுத்தான் வேலை வாங்கினேன். கடைசியில் என் இஷ்டப்படியே தூண்கள் கல்லின் மேல் நின்றன. குனிந்து ஒரு ஆள் அடியில் போய்வரலாம், அந்த உயரம். மேலே ஓடு. மனைவிக்காகப் படிக்குப் பதில் நீளமாக ஒரு சாய்வுப் பாதை, அதுவும் பலகைதான்.

கட்டும்போது கேட்ட பேச்சுகளைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வழக்கமாக என்னை ஏற்றி வரும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா நைனா, ஊடு கட்றேன்னு சொல்லிட்டுப் பரண் கட்டிகினு கீறே? காவலுக்கு யாரு, நீயா?"

அவர் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னார், சிரித்தார், போனார். மற்றவர்கள் அப்படி இல்லை. எங்கள் நகரில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். மதுரை, நெல்லை, சேலம் என்று பல ஊர்க்காரர்கள். படித்தவர்கள். மரியாதையாகப் பேசுவார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பேஸ்மெண்ட் எப்போது ஃபில் பண்ணப் போகிறீர்கள்?

இந்த ஊரின் நோய் அது. ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள். ரோடு உயரும், வீடு பள்ளமாகும். அதற்குப் பயந்து ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட ஒரு கல் வரிசை அதிகமாகப் பேஸ்மெண்டை உயர்த்தி, உள்ளே சவுடு மண்ணை நிரப்பி, அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார்கள். யார் பேஸ்மெண்ட் உயரமோ அவனுக்கு மதிப்பு. வீட்டுக்கு அடியில் வெற்றிடம் விடுவது என்பது அவர்கள் மூளைக்கு எட்டவில்லை. அது அவர்களுக்கு முடிக்காத வீடு. கையில் காசில்லாதவன் பாதியில் விட்ட வீடு.

அதனால் அந்த இடத்தைக் குப்பைத் தொட்டியாக்கினார்கள். குழந்தையின் மலத்துணியைப் பையில் கட்டி வீசுவார்கள். கோழிக்கழிவு வரும். பீர் பாட்டில் வரும். வாசலில் மாக்கோலம் போட்டு, செருப்பை வரிசையாக அடுக்கி, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற குடும்பங்கள்தான் இவர்கள். தங்கள் வாசலுக்கு வெளியே இருப்பதெல்லாம் இவர்களுக்குக் கக்கூஸ். நான் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து போய் அள்ளிக்கொண்டு வருவேன். எனக்குக் குமட்டும். பால்கனியில் நின்று காபி குடித்தபடி பார்ப்பார்கள். அவர்களுக்கு எதுவும் குமட்டாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். காரணம், என் மனைவி படுத்துத் தூங்கினாள். குடிபோன சில வாரங்களிலேயே தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஒருநாள் காலையில் பார்த்தேன், ஒற்றைத் தலையணையில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சாய்வுப் பாதையில் தானாக இறங்கி, கடைத்தெரு வரை நடந்து போய்க் கீரை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பாட்டுக் குழுவோடு நின்று பாடிவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் பாடினாள்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி உபரி நீர் எங்கள் நகருக்குள் வந்தது. வராமல் என்ன செய்யும், அது போகிற வழியில்தானே மனை போட்டு விற்றார்கள். எங்கள் வீட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து மறுபக்கம் போனது. மேலே ஒரு பலகைகூட நனையவில்லை. முதல் வரிசை வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். செயலாளர் தன் மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வடியும் வரை இங்கேதான் இருந்தார்கள். என் மனைவி உப்புமா கிண்டிப் போட்டாள். அவர் அப்பாவுக்கு எங்கள் கட்டிலைக் கொடுத்தோம். செயலாளர் ஜன்னலில் கையை ஊன்றிக் கீழே தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல பிளான் சார் என்றும் சொன்னார்.

தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையை உடைத்து உயர்த்த ஆரம்பித்தார்கள். தெரு முழுக்க ரப்பீஸ். முதலில் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டரை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். குவியல் தெருவிலேயே கிடந்தது. கார் நிறுத்த இடமில்லை என்று சங்கத்தில் சண்டை.

அந்தச் சமயத்தில் மலேசியாவில், ஈப்போவில் என் அண்ணன் இறந்துபோனார். நான் புறப்பட்டேன். மனைவி தன் தங்கையின் ஃப்ளாட்டுக்கு, திருமுல்லைவாயிலுக்குப் போனாள். வீட்டைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனேன். இறந்த வீட்டு வேலை, அண்ணன் குடும்பத்தின் பாகப் பிரச்சினை என்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனைவியும் அதுவரை இந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டின் நாலு பக்கமும் தரையிலிருந்து பலகை வரை செங்கல் சுவர். பூசி, பிஸ்கட் கலர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முன்பக்கம் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கம்பி ஒன்றை எடுத்துச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே பலகையைத் தொடும் அளவுக்கு ரப்பீஸ். சந்தில் சவுடு மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்திருக்கிறார்கள். கெட்டியாக. தூண்கள் எல்லாம் மண்ணுக்குள். யார் வீட்டுக் கக்கூஸ் பீங்கானோ, கறை படிந்து, என் மனைவியின் கட்டிலுக்கு நேர் கீழே கிடந்தது.

செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்தபடி வெளியே வந்தார்.

"என்ன சார், சர்ப்ரைஸ் எப்படி? எல்லாரும் சேந்து பண்ணினோம். உங்ககிட்ட ஒரு பைசா வாங்கலையே."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நீங்கதான சார் பாத்துக்கச் சொன்னீங்க. அடியில பாம்பு போகுது, கண்டவன் வந்து உக்காந்து குடிக்கிறான். அம்மா வேற உடம்பு சரியில்லாதவங்க. இப்பதான் சார் அது வீடு மாதிரி இருக்கு."

என் வாயில் தமிழ் வரவில்லை. வந்ததெல்லாம் டிப்போவில் கற்றுக்கொண்ட மலாய்க் கெட்டவார்த்தைகள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பேசும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வை நடித்துக்காட்டி அவர் பிள்ளை ஜன்னலில் நின்று சிரித்தது.

ரப்பீஸ் அடித்த டிராக்டர்காரரைத் தேடிப்பிடித்தேன். வேப்பம்பட்டுக்காரர்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாத்தே, என் மேல கோச்சுக்காதே. நான் மொத லோடுலயே கேட்டேன், ஓனர் எங்க கீறாருன்னு. அவுரு போன்ல சொல்லிட்டாரு, நீ கொட்டுன்னாரு செக்ரட்டரி. நீ சொல்லலியா அப்போ?"

"சொல்லலை."

"அட இன்னாய்யா இது. கொட்றப்பவே எனுக்கு மனசு ஒரு மாரி இருந்துச்சு. நல்ல மரம்."

இதுதான் நடந்தது. உதவி என்று நினைத்துச் செய்த முட்டாள்தனம் என்றால்கூட நான் பாதி மன்னித்திருப்பேன். இங்கே இருக்கிறவர்கள் செய்யக்கூடிய முட்டாள்தனம்தான் அது. ஆனால் நான் சம்மதிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனில் சொன்னதாகப் பொய் சொன்னார். என் மனைவியின் போன் நம்பர், என் மலேசியா நம்பர் இரண்டும் அவரிடம் இருந்தன. ஒரு தடவைகூட அழைக்கவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சுவரின் படத்தைப் போட்டிருக்கிறார். நகரில் முக்கால்வாசிப் பேர் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார்கள். தங்கள் வீட்டுக் கழிவு கண்ணுக்கு மறைந்த சந்தோஷம்.

மனைவியிடம் சொன்னேன். பரவாயில்லை, போய் இருந்து பார்க்கலாம் என்று வந்தாள். அடுத்து வந்த மழையில் தண்ணீர் சுவரை ஒட்டி நின்றது, உள்ளே இறங்கியது, வெளியே வர வழியில்லை. உள்ளே கிடந்த ரப்பீஸ் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டது. பலகைச் சந்துகள் வழியாக நாற்றம் மேலே வந்தது. சாக்கடையும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். பாயைத் தூக்கினால் அடியில் பச்சையாகப் படிந்திருக்கும். மூலைத் தூணை ஒட்டிக் கரையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தது. தலையணைகள் மறுபடியும் அடுக்கப்பட்டன. ஒரு மத்தியானம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. அந்த ஆட்டோக்காரர்தான் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே, "யக்கா, மூச்ச உடாதே யக்கா, தோ வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தங்கையின் ஃப்ளாட்டில், அவர்கள் பிள்ளை படிக்கும் அறையில் படுத்திருக்கிறாள். பக்கத்தில் நெபுலைசர் இயந்திரம். பிள்ளைக்குப் பரீட்சை. இயந்திரச் சத்தம் அதற்குத் தொந்தரவு என்று இவள் அதைப் போடாமலேயே சமாளிக்கிறாள். கேட்டால் இப்போது தேவைப்படவில்லை என்கிறாள். போன வாரம் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாங்க, எப்ப நம்ம ஊட்டுக்குப் போறது?" என்று கேட்டாள்.

நான் சுவரை உடைத்து ரப்பீஸை வெளியே எடுக்க ஆரம்பித்தேன். வீடு மேலே நிற்கிறது, இயந்திரம் உள்ளே போகாது. படுத்துக்கொண்டு கையால்தான் சுரண்ட வேண்டும். கூலிக்கு வந்த ஆட்கள் நாற்றம் தாங்காமல் பாதியில் போய்விட்டார்கள். நானே சுரண்டுகிறேன். எடுத்ததைத் தெருவோரம் வைத்தால் சங்கத்திலிருந்து ஆள் வருகிறது. பொது இடத்தில் கழிவு கொட்டுகிறேனாம். சுவர் சங்கத்தின் செலவில் கட்டியதாம், அதை உடைக்க எனக்கு உரிமை இல்லையாம். கொட்டியவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டட்டுமா என்று கேட்டேன். அடையாளம் காட்ட முடியும். செயலாளர் வீட்டு டைல்ஸில் ரோஜாப்பூ போட்டிருக்கும், அது என் பலகைக்குக் கீழே நிறையக் கிடக்கிறது. இதை வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். பிறகு மற்றவர்களுக்கு எழுதியிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டதால்தான் செய்தோம், இப்போது வெளிநாட்டுக்காரர் மாற்றிப் பேசுகிறார் என்று. பக்கத்து வீட்டுப் பெண் எனக்குக் காட்டினாள். காட்டியதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டாள். இவர்கள் வீரம் அவ்வளவுதான்.

இந்த மனிதர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஒரே தெருவில் மூச்சு விடுவதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுங்கள் என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். எங்கே போவது? அவள் படுத்துத் தூங்கிய வீடு இந்த ஊரில் அது ஒன்றுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மைக் கட்டுவார்கள், செயலாளர் பேசுவார். நான் வருவேன். டிராக்டர்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். செயலாளரே, நான் எந்த நாளில், எந்த போனில் சம்மதம் சொன்னேன் என்று அந்த மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். கூடவே, என் மனைவி கேட்டதற்கும் அங்கேயே பதில் வேண்டும்: உங்கள் ரப்பீஸை எப்போது அள்ளிக்கொண்டு போகிறீர்கள், அவள் எப்போது வீட்டுக்கு வரலாம்?